நாடா விழும் இடம்

போன மாதம் ஒரு சாயங்காலம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். பையனுக்குப் பிறவியிலேயே உதடு பிளவு. கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டைத் தைத்து, அடுத்து அண்ணத்தையும் அடைத்துவிட்டார்கள். மேல் ஈறில் மட்டும் ஒரு இடைவெளி மிச்சம் இருக்கிறது. கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால் அங்கே எலும்பு வைக்க வேண்டும், எலும்பு இருந்தால்தான் பல் அதற்குள் இறங்கி நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரியாதது ஒன்றுதான்.

"வாயிலதான டீச்சர் ஓட்டை, இன்னாத்துக்கு இடுப்பக் கிழிக்கணும்ன்றாங்க?"

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் வலது தாடைக்குக் கீழே கழுத்தோரமாக ஓடும் தழும்பு குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் தெரிந்த தழும்பு. டீச்சருக்குத் தாடை ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இடுப்பு ஆபரேஷன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை, ஏனென்றால் அந்தத் தழும்பைப் புடவை மூடிவிடுகிறது. அன்றைக்கு அந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினேன். வீட்டுக்கு வந்த பிறகும் சொல்ல நிறைய மிச்சம் இருந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாடைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 தொடக்கத்தில் வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் ஆடியது. போய்க் காட்டிய இடத்தில் பல்லைப் பிடுங்கி மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வற்றவில்லை, மறுபடி மாத்திரை, மறுபடி வீக்கம், இப்படியே நான்கு மாதம் ஓடியது. ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் வேலூரில் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எலும்புக்குள் தேன்கூடு மாதிரி குழி குழியாக இருந்தது. சதையைக் கிள்ளிப் பரிசோதித்ததில் அமெலோபிளாஸ்டோமா என்று வந்தது. பல் உருவாகும் திசுவிலிருந்து வளர்கிற கட்டி. புற்றுநோய் வகையில் சேராது, பெரும்பாலும் உடம்பில் வேறெங்கும் பரவாது, ஆனால் இருக்கிற எலும்பைத் தின்றுகொண்டே போகும். சுரண்டி எடுத்தால் திரும்ப வந்துவிடும் என்பதால் சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் சேர்த்து வெட்டுகிறார்கள். எனக்கு ஐந்து சென்டிமீட்டர் தாடை போனது. அந்த இடத்தில் டைட்டானியம் தகடு ஒன்றைத் திருகிவிட்டு, எலும்பு வைப்பதை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். வாய்க்குள் தையல் ஆறி எச்சில் கசியாமல் இருந்தால்தான் புது எலும்பு சீழ் பிடிக்காமல் நிற்கும் என்றார்கள்.

2018 பிப்ரவரியில் இரண்டாவது ஆபரேஷன். பெரிய இடைவெளிக்குக் காலிலிருந்து இரத்தக்குழாயோடு எலும்பை எடுத்து வைப்பார்கள், உங்களுடையதுக்கு இடுப்பெலும்புத் துண்டே போதும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இடுப்பில் கை வைத்தால் முன்பக்கம் முட்டுகிறதே, அந்த மேடுதான். வளைவும் கனமும் தாடைக்கு ஒத்துப்போகும், உள்ளே பஞ்சு மாதிரியான எலும்பும் நிறைய கிடைக்கும் என்பதால் அங்கே கை வைக்கிறார்கள்.

கழுத்தில் ஒரு குழு, இடுப்பில் ஒரு குழு என்று ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும், ஒருவர் கை இன்னொருவர் மேல் இடிக்கக் கூடாது. அதனால் தாடை வலது என்றால் இடுப்பு இடது. இது அவர்களுடைய கணக்கு, அதில் தப்பு இல்லை. என்னிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவளை நான் இடது இடுப்பில்தான் தூக்குவேன், வலது கை வேலைக்கு வேண்டும் அல்லவா. தண்ணீர்க் குடமும் அதே இடுப்பில்தான். பாவாடை நாடா முடிச்சும் அதே பக்கம். ஒரு பெண்ணின் நாளில் பாதி அந்த எலும்பு மேட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது, அது வெட்டப்பட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மயக்கம் தெளிந்தபோது கை தானாகத் தாடைக்குப் போனது. அங்கே பெரிதாக வலி இல்லை, முகம் மரத்துக் கிடந்தது. இடுப்பு நெருப்பாக எரிந்தது. தப்பான இடத்தில் அறுத்துவிட்டார்களோ என்று அரை மயக்கத்தில் பயந்தேன். வயிற்றுத் தசைகள் எல்லாம் அந்த மேட்டில்தான் வந்து ஒட்டுகின்றன, அதனால் இருமினால் வலிக்கும், தும்மினால் வலிக்கும், படுக்கையிலிருந்து எழத் தலையைத் தூக்கினாலே வலிக்கும். இருமல் வரும்போது ஒரு தலையணையை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னது ராத்திரி வேலைக்கு வந்த நர்ஸ் அக்கா. மொத்த வார்டிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அது. வலது பக்கம் ஒருக்களித்தால் தாடை, இடது பக்கம் ஒருக்களித்தால் இடுப்பு, ஆக இரண்டு மாதம் மல்லாக்கப் படுத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தாடைக்கு ஒன்றரைப் பக்கம்: எப்படிக் கொப்பளிப்பது, என்ன சாப்பிடுவது, எத்தனை வாரம் கடிக்கக் கூடாது. இடுப்புக்கு ஒரே வரி, தையல் பிரிக்க வரவும் என்று. கேட்டதற்கு, ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். நிறைய பேருக்கு ஆகிறதாம். எனக்கு ஆகவில்லை, அதற்கு என்ன செய்வது என்று அந்தக் காகிதத்தில் இல்லை.

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மறுபடி மறுபடி போய்க் காட்ட வேண்டியிருந்தது. கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழி பஸ். ஒவ்வொரு வேகத்தடையும் எலும்புக்குள் இறங்கும், எங்கெங்கே வேகத்தடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்குப் பழகிவிட்டது. பஸ் படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். கைத்தடியை வலிக்கிற பக்கத்திலேயே பிடித்தேன், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் போல. எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பது நான்காவது மாதம் பிசியோதெரபிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மாற்றிப் பிடித்த அன்றைக்கே பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அந்த பிசியோதெரபி அம்மா ஆளுயரக் கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றேன். வலது பக்க இடுப்பு சட்டென்று கீழே தாழ்ந்தது. "பாத்தீங்களா, எலும்பை எடுக்கறதுக்கு அதுல ஒட்டியிருக்கற தசையை உரிச்சுதான ஆகணும், உரிச்ச தசை இன்னும் தூங்குது" என்றார். இடுப்பை நேராகத் தூக்கிப் பிடிக்கிற தசை அது. அது சோம்பிப் போனால் நடக்கும்போது உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும். நான்கு மாதமாக வலியால் நொண்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். வலி குறைந்த பிறகும் நொண்டியதற்குக் காரணம் இதுதான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து இடது காலை நேராகப் பத்து தடவை தூக்குவது, அதை மூன்று சுற்று, அப்புறம் ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று மற்ற பக்க இடுப்பை இறக்கி ஏற்றுவது. தினமும் இருபது நிமிடம். இதை ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் மாமனார் குழித்தறியில் லுங்கி நெய்கிறார். தறி ஓடும்போது தட்டுத்தட்டென்று ஒரு தாளம் விழும், அந்தத் தாளத்துக்கே காலைத் தூக்கி இறக்குவேன். அவர் நாலைந்து நாள் பார்த்தார். ஒருநாள் தறிக்குழிக்குள் இருந்தபடியே, "ஒரு மிதி தொய்ஞ்சா பாவு சரியாப் பிரியாதும்மா, நீ விட்ராத" என்றார். விடவில்லை. நொண்டல் முழுசாகப் போகப் பத்து மாதம் ஆனது. இன்றைக்கும் ஒரு வாரம் பயிற்சியை விட்டுவிட்டால், பள்ளியில் ஐந்தாவது பீரியட் நிற்கும்போது இடுப்பு எனக்கு ஞாபகப்படுத்தும்.

வலியைவிட என்னைக் குழப்பியது மரத்துப்போன தொடைதான். இடது தொடையின் வெளிப்பக்கம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, தொட்டால் வேறு யாருடைய தோலோ மாதிரி இருக்கும். சில சமயம் எறும்பு ஊறும், சில சமயம் புடவை உரசினாலே எரியும். தொடைத் தோலுக்குப் போகிற நரம்பு அந்த எலும்பு முனையை ஒட்டித்தான் ஓடுகிறது, அறுக்கும்போது இழுபட்டிருக்கும் என்றார்கள். நான் என்ன செய்தேன் என்றால், மாதத்துக்கு ஒருமுறை தென்னங்குச்சியால் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி தொடங்குகிற இடத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, அதை ஒரு தாளில் ஒற்றி எடுத்து தேதி போட்டு வைத்தேன். பதினோரு தாள் இருக்கிறது. முதல் தாளில் தாமரை இலை மாதிரி இருப்பது கடைசித் தாளில் வெற்றிலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்த வெற்றிலை ஏழு வருஷமாக அப்படியே இருக்கிறது. அது இனி போகாது என்று வைத்துக்கொண்டேன்.

கீழுதட்டின் வலது பாதியும் முகவாயும் முழுக்கவே மரத்துவிட்டன. அந்த நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேயே ஓடுவது, எலும்போடு போய்விட்டது. எட்டாம் வகுப்புக்கு எழுத்துகளின் பிறப்பு நடத்தும்போது, இரண்டு உதடும் பொருந்தினால் ப, ம பிறக்கும், மேற்பல்லும் கீழுதடும் பொருந்தினால் வ பிறக்கும் என்று நானே சொல்லிக் காட்ட வேண்டும். பொருந்தியதா இல்லையா என்று எனக்கு உள்ளிருந்து தெரியாது. கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பழகினேன். சாப்பிடும்போது முகவாயில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தால் மகள் தன் முகவாயைத் தொட்டுக் காட்டுவாள். மூன்று வயதில் தொடங்கியது, பத்து வயதாகிவிட்டது, கல்யாணப் பந்தியில்கூட யாருக்கும் தெரியாமல் இன்னும் தொட்டுக் காட்டுகிறாள்.

சூடான காபியில் உதட்டை இரண்டு முறை பொத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், இளம் வயதில் தொழுநோய்க்கு வேலூர் பக்கத்துக் கரிகிரியில் வைத்தியம் பார்த்துக் குணமானவர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலி தெரியாத எடத்த கண்ணாலதான் காவல் காக்கணும் கண்ணு." தினமும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார் அவர். முள் குத்தியிருந்தாலும் தெரியாதே. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னதும் இதுதான்: தொழுநோயில் விரலும் பாதமும் சிதைவது பெரும்பாலும் வலி தெரியாமல் பட்ட காயங்களால். கரிகிரி மருத்துவமனை 1955இல் வந்தது. அங்கே ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த பாடம் எங்கள் தெருத் திண்ணை வழியாக என் காபி டம்ளருக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து டம்ளரை முதலில் விரலால் தொட்டுப் பார்க்காமல் உதட்டில் வைப்பதில்லை. தொடைக்கும் அதே கதைதான், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது மரத்த இடத்தில் வைக்காமல் முதலில் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் வைகாசி ஒன்றாம் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மூன்று மாதத் தையல், கையில் தடி. கூட்டத்தில் இடிபட முடியாது, திடீரென்று குதித்தாலோ ஓடினாலோ எலும்பு முனை உடையக்கூடும் என்று முதல் வாரங்களில் சொன்ன பயம் வேறு போகவில்லை. கோபாலபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து சிரசு வந்துகொண்டிருக்கிறது, தெருவெல்லாம் தேங்காய் ஓடு, மேளம். சிறுவயதிலிருந்து பார்க்கிற திருவிழாதான். தலை ஒன்று, உடல் வேறு, கொண்டுவந்து பொருத்துகிறார்கள், தாய் எழுந்து நிற்கிறாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, பொருத்திய பிறகு அவளுக்கு எத்தனை நாள் வலித்திருக்கும் என்று நினைத்தேன். கண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற அத்தை பக்தி என்று நினைத்துக்கொண்டார், அதுவும் இருந்தது.

தாடை தன் வேலையை ஒழுங்காகவே செய்தது, அதையும் சொல்ல வேண்டும். இரத்தக்குழாய் இல்லாமல் வைக்கிற எலும்பில் பெரும்பாலான உயிரணுக்கள் செத்துப்போகும். சுற்றியுள்ள எலும்பிலிருந்து புது இரத்தக்குழாய் முளைத்து உள்ளே போய், பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் புதிதாகக் கட்டும். கட்டுவதைவிடக் கரைவது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், எனக்கும் வைத்த எலும்பின் உயரம் கொஞ்சம் குறைந்தது. ஆறு வாரம் கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, அம்மா செய்து அனுப்பிய முள்ளுக் கத்தரிக்காய் கடைசல். ஆறு மாதம் கழித்து அந்த எலும்பில் இரண்டு டைட்டானியம் இம்பிளான்ட், அதற்கும் நான்கு மாதம் கழித்துப் பல். டைட்டானியம் எலும்போடு பிணைந்துகொள்ளும் என்பதை ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற மருத்துவர் 1950களில் முயலின் கால் எலும்பில் வேறு எதையோ ஆராயும்போது கண்டார், 1965இல் முதல்முறை ஒரு மனிதருக்குப் பல் வைத்தார். புதுப் பல்லால் நான் முதலில் மென்றது வேகவைத்த வேர்க்கடலை. இரண்டு வருஷம் கழித்து வலது பக்கம் மென்றேன். என் இடுப்பெலும்பு கடலை மெல்லுகிறது என்று என் கணவரிடம் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு பிடி உரித்துக் கொடுத்தார்.

இடுப்பில் எடுத்த இடம் மறுபடி நிரம்பவில்லை. கையை வைத்தால் மேடு ஓடிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும், கட்டைவிரல் சரியாக அதில் உட்காரும். நாடா விழுவது அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான். முதல் ஒரு வருஷம் புடவையே கட்ட முடியவில்லை, எலாஸ்டிக் வைத்த பேன்ட்டும் நீளக் குர்தாவும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அப்புறம் தையல்காரம்மா பாவாடைக்கு நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலத்தில் பட்டி வைத்து வலது பக்கம் கொக்கி போட்டுத் தந்தார். இன்றைக்கும் அதுதான். மகளை அந்த இடுப்பில் மறுபடி தூக்கவில்லை. வலது பக்கம் தூக்கிப் பழகுவதற்குள் அவள் தூக்குகிற வயதைத் தாண்டிவிட்டாள். எனக்கு இதில் எது மிகவும் வலித்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த அம்மாவிடம் இத்தனையும் சொல்லவில்லை. பயந்துவிடுவார், அதோடு பையன் கதை வேறு. ஈறு இடைவெளிக்குப் பெரும்பாலும் சின்ன வெட்டாகப் போட்டு உள்ளிருக்கிற பஞ்செலும்பைத்தான் சுரண்டி எடுக்கிறார்கள், என்னுடையது மாதிரி கட்டியாக வெட்டுவதில்லை, பிள்ளைகள் சீக்கிரம் எழுந்து ஓடிவிடுவார்கள். அதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு, எந்தப் பக்கம் எடுக்கப் போகிறார்கள் என்று இப்போதே கேளுங்கள், அவன் எந்தக் காலால் பந்து உதைக்கிறான் என்பதைச் சொல்லுங்கள் என்றேன். சில சமயம் மாற்ற முடியும், சில சமயம் முடியாது, ஆனால் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும். இடுப்புக்கு என்ன பயிற்சி, எத்தனை நாளில் விளையாடலாம், எது வந்தால் உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். இருமினால் தலையணை. தொடை மரத்தால் மறைக்க வேண்டாம் என்று பையனிடமே சொல்லுங்கள்.

"இதெல்லாம் கேட்டா கோச்சிக்க மாட்டாங்களா டீச்சர்?"

"கேளுங்கம்மா. உங்க புள்ள இடுப்பு."

பதினெட்டு நாள் கழித்துப் பையன் பள்ளிக்கு வந்தான். மேலுதடு லேசாக வீங்கியிருந்தது, வராந்தாவில் மெதுவாக நடந்தான். பிள்ளைகள் எல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று சுற்றி நின்றார்கள். இடைவேளையில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். பள்ளிக் கால்சட்டையின் இடுப்புப் பட்டியை அவன் அம்மா பிரித்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் அகலமாக, மெத்தென்று ஒரு பட்டி தைத்திருந்தார். வலது பக்கம் மட்டும் இரண்டு மடிப்பு.

"வலது பக்கம் எடுத்தாங்களா?"

"ஆமா டீச்சர். நான் எடது காலுலதான் ஒதைப்பேன், அம்மா சொல்லிட்டாங்க."